ஆசாரமான வீட்டுக்கு ஒரு நாய்

நாய் விற்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, உங்களிடம் முதலில் வந்து நிற்கப்போகிறவர் என்ன கேட்பார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். "எந்த ஜாதி நாய் ஒசத்தி?" என்பார். உங்களுக்கு நாக்கு துறுதுறுக்கும். படித்ததையெல்லாம் ஒப்பிக்கத் தோன்றும். தயவு செய்து வாயை மூடிக்கொண்டிருங்கள். நாயைப் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை. அது போய் வாழப்போகிற வீட்டைப் பற்றி முதலில் அவரைப் பேசவிடுங்கள். அவர் பேசி முடித்த பிறகு, யாரைப் பற்றி அவர் பேசவில்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் புத்தகத்தில் கிடைத்ததல்ல. காளிகாட்டில் ஒரு வீட்டு முற்றத்தில் கிடைத்தது.

அப்போது கல்கத்தாவில் குதிரை டிராம் போய் மின்சார டிராம் வந்து சில காலம் ஆகியிருந்தது. திருநெல்வேலியிலிருந்து பிழைக்கப் போன நான், கப்பல் துறையில் ஏதேதோ வேலை பார்த்து, கடைசியில் பாலிகஞ்சில் ஒரு நாய்ப்பண்ணையில் வந்து சேர்ந்திருந்தேன். ஊரில் என் மாமன் மைத்துனர்கள் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்கள். பிள்ளைமார் குடும்பத்தில் பிறந்தவன் நாய்க்குச் சோறு வைக்கவா கடல் போல இருக்கிற கங்கைக் கரைக்குப் போனான் என்று கேட்டார்கள். எனக்கு அதில் வெட்கம் எதுவும் வரவில்லை. பிடித்திருந்தது.

பண்ணை ஒரு வெள்ளைக்கார அம்மாளுடையது. நாங்கள் மேம்சாகிப் என்போம். சீமையிலிருந்து வரும் நாய்களை இறக்க கித்திர்ப்பூர் துறைக்கு என்னைத்தான் அனுப்புவாள். மாசி மாதத்து விடியலில் ஆறு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அந்த வெள்ளைப் படலத்துக்குள்ளிருந்து கப்பல் சங்கு மட்டும் கேட்கும். பலகை வழியாக நாய்கள் இறங்கி வந்து, நாலு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு நிற்கும். வாரக்கணக்கில் கடலில் வந்தவை அல்லவா, தரையும் ஆடும் என்றே நினைத்துக்கொண்டு நிற்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, தரை ஆடவில்லை என்று அவற்றுக்குப் புரியும் வரை காத்திருப்பேன். இப்போது வயதாகிப் பகலில் கண் அயரும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்தத் துறைதான். சில சமயம் நாயாக நின்றது நானோ என்றுகூடத் தோன்றுகிறது.

வாங்க வருகிறவர்கள் பலவிதம். தன் குதிரை வண்டியின் நிறத்துக்குப் பொருத்தமாக நாய் கேட்ட ஜமீன்தார் ஒருவர் உண்டு. நாயென்றால் நடுங்குகிற வக்கீல் ஒருவர், இருப்பதிலேயே பெரிய நாயாகப் பார்த்து வாங்கிப் போய், தாம் மாடியிலேயே குடியிருக்கத் தொடங்கினார். இவர்களைப் பற்றியெல்லாம் சொல்லப் போனால் ராமாயணமாகிவிடும். சங்கரய்யரிடம் வருகிறேன்.

சங்கரய்யர் நம் பக்கத்துக்காரர். ஒரு சணல் கம்பெனியில் கணக்கு அதிகாரி. கோட்டுக்கு மேல் அங்கவஸ்திரம், நெற்றியில் விபூதி. பண்ணை வாசலில் நின்றபோதே கூண்டுகளிலிருந்து கிளம்பிய குரைப்பில் ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

"பிள்ளைவாள், எனக்கு ஒரு நாய் வேணும். நன்னாக் குரைக்கணும். கடிக்கப்படாது. மாம்சம் திங்கப்படாது. யார் மேலயும் படப்படாது" என்றார் தூணுக்குப் பின்னாலிருந்து.

"அய்யர்வாள், நீங்க கேக்கது நாயா, கோயில் மணியா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, சொல்லத் தொடங்கினார். வேலை நிமித்தம் ஆற்றோடு மேலே போய் மில்களில் தங்க வேண்டியிருக்கிறது. காளிகாட்டில் ஒரு சந்துக்குள் வீடு. வீட்டில் மனைவி விசாலம், சின்னப் பெண் குஞ்சு, அப்புறம் அவருடைய அக்கா. கொல்லைப்புறம் குளம். போன மாதம் எவனோ சுவரேறிக் குதித்து வெண்கலப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

"பானை போனாப் போறது. எனக்குப் பயம் அக்காவை நெனச்சுத்தான்" என்றார்.

அக்காவுக்குப் பாவாடை கட்டுகிற வயதில் கல்யாணம், புக்ககம் போகும் முன்பே எல்லாம் முடிந்துபோயிற்று. தாயில்லாத தம்பியை அவள்தான் வளர்த்தாள். தம்பிக்குக் கல்கத்தாவில் உத்தியோகம் என்றதும் கூடவே வந்து அடுப்படியை எடுத்துக்கொண்டாள். மடி ஆசாரம் என்றால் அப்படி ஒரு மடி. மற்ற வீடுகளில் மத்தியானச் சாப்பாட்டோடு மடி விலகிவிடும். அவள் தலை சாய்க்கும் வரை விடமாட்டாள். யாரும் தொடக்கூடாது, யார் துணியும் படக்கூடாது.

"கொஞ்ச நாளா, காசிக்குப் போயிடறேன், அங்கேயே கண்ணை மூடிடறேன்னு சொல்லிண்டிருக்கா. ஒரு சாக்கு கெடச்சாப் போதும், கெளம்பிடுவா. நாய் மேல பட்டுதுன்னா அதைவிட நல்ல சாக்கு எங்கே கெடைக்கும்? அவ போயிட்டா, பிள்ளைவாள், அது எனக்கு வீடாவே இருக்காது." சொல்லிவிட்டு அங்கவஸ்திரத்தால் முகத்தை மூடிக்கொண்டார். பெரிய உத்தியோகஸ்தர் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

நாயைத் தேர்வதற்கு முன் அந்த வீட்டில் ஒரு முற்பகல் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவது என் வழக்கம். அப்படியே போனேன். கோயில் பக்கம் மணியும், ஆடுகளின் கத்தலும், செம்பருத்தி மாலை விற்கிறவர்களின் கூச்சலும் காதை அடைத்தன. சந்து ஒரு வளைவு வளைந்தது, அவ்வளவும் நின்றுபோயிற்று. பனிக்குள் கடுகெண்ணெய்ப் புகை மட்டும் மெல்லத் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டு முற்றத்தில் குஞ்சு சோழி உருட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பலகை போட்டார்கள். உட்கார்ந்திருந்தேன்.

கோயிலை ஒட்டி ஓடுகிற பழைய கங்கைக் கால்வாயான ஆதி கங்கையில் ஸ்நானம் செய்துவிட்டு அக்கா இடுப்பில் குடத்தோடு உள்ளே வந்தாள். அவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட இராது. ஈரப்புடவை சொட்டிக்கொண்டிருந்தது. குஞ்சு சோழிகளை வாரிக்கொண்டு தூணோடு ஒட்டி நின்றாள். விசாலம் உலர்த்தியிருந்த துணியைச் சட்டென்று ஒதுக்கினாள். வேலைக்காரி சுவரோரம் போனாள். நானும் என் காலை மடக்கிக்கொண்டேன். முற்றத்தின் நடுவே ஒரு பாதை திறந்தது. அவள் அதில் நடந்து போனாள், பாதை மூடிக்கொண்டது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எத்தனையோ வருஷப் பழக்கம்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். குடும்பத்துக்கு நாய் என்று யார் கேட்டாலும் நாம் ஒட்டி உறவாடுகிற ஜாதியைத்தான் சொல்வோம். இந்த வீட்டுக்கு அது ஆகாது. விலகியிருக்கத் தெரிந்த நாய் வேண்டும்.

பண்ணையில் அப்படி ஒன்று இருந்தது. கப்பல்காரர்கள் கொண்டுவந்த சீன நாய். செம்பட்டை மயிர், சிங்கம் போலப் பிடரி, நாக்கு மட்டும் நாவல்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு. யார் மேலும் தாவாது, நக்காது, வாலைக்கூட யோசித்துத்தான் ஆட்டும். பூனைக்கு இருக்கிற சுத்தம் அதற்கு உண்டு. வேற்றாள் வாசலில் கால் வைத்தால் மட்டும் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் வரும்.

அதை நான் சந்துக்குள் நடத்திப் போனது சுதேசி நாட்களில். சீமைத் துணியைத் தெருவில் போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு வங்காளி வாத்தியார் படியில் நின்று, "பிலிதி குகுர் நாகி?" என்று கேட்டார், சீமை நாயோ என்று. இல்லை ஐயா, சீனத்து நாய் என்றேன். அப்படியானால் போகட்டும் என்று கையால் வழி காட்டினார்.

அந்த நாய் ரேழியில் ஓர் இடத்தைத் தானே பார்த்துப் படுத்துக்கொண்டது. சோற்றில் பருப்பும், மிட்டாய்க் கடையிலிருந்து வாங்கின சானாவும், அதாவது பாலைத் திரித்து வடித்த கட்டியும், பிசைந்து வைக்கச் சொல்லியிருந்தேன். முறையாகத் தின்றது. அக்கா குடத்தோடு வந்தாள். நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது, எழுந்தது, சுவரோரமாக நகர்ந்து, அவள் போகும் வரை நின்று, பிறகு படுத்தது.

சங்கரய்யருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பூர்வ ஜன்மத்துல எந்த அக்ரஹாரத்துல பொறந்துதோ! பிள்ளைவாள், நீங்க சாமான்யர் இல்லை!" என்றார். கல்கத்தாவில் இருந்த நம்மவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்கும் தலையில் கொம்பு முளைத்துவிட்டது. அய்யர் மில்லுக்கு நிம்மதியாகப் படகேறினார்.

பனிக்காலம் முடிகிற தறுவாயில் விசாலத்திடமிருந்து பால்காரன் மூலம் எனக்குச் சேதி வந்தது. உடனே வரவும் என்று. போனேன். சங்கரய்யர் இன்னும் மில்லிலிருந்து திரும்பியிருக்கவில்லை. விசாலம் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினாள்.

"அக்கா நாளைக்குக் காலம்பறக் கெளம்பறா. யாத்ரைக்காரா ஒரு கோஷ்டி வந்திருக்கா, அவாளோட காசிக்கு. இவருக்குத் தந்தி குடுத்திருக்கு, ஆனா வந்து சேர முடியாது. நீங்க அந்த நாயைக் கூட்டிண்டு போயிடுங்கோ, பிள்ளைவாள். அப்பவாவது நிப்பாளோ என்னவோ."

"நாய் எதுவும் பண்ணிட்டுதா அம்மா? மேல பட்டுட்டுதா?"

"படவே இல்லை. அதான்." கதவை இன்னும் சற்றுச் சாத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள். "நேத்து அக்கா சொன்னா. மனுஷாளுக்குச் சாஸ்திரம் சொல்லிக் குடுத்திருக்கு, ஒதுங்கறா. இது வாயில்லா ஜீவன், இதுக்கு யார் சொல்லிக் குடுத்தா? இதுகூட என்னைக் கண்டா எழுந்து ஒதுங்கிப் போறதே விசாலம், அப்ப நான் ஒதுங்கித்தான் போகணும்னா. சொல்லிட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. மூட்டையைக் கட்டிட்டா."

தம்பிமாரே, அன்று எனக்கு நெஞ்சு வலித்தது என்றால் மிகையில்லை. அந்த வீட்டில் எல்லாருக்கும் என்ன வேண்டும் என்று கேட்டிருந்தேன். அய்யருக்குக் காவல், விசாலத்துக்குச் சுத்தம், குஞ்சுவுக்கு விளையாட்டு. அக்காவை மட்டும் முற்றத்துக் கிணற்றைப் போல, நாய் சுற்றிப் போக வேண்டிய ஒன்றாக எண்ணியிருந்தேன். அவள் தம்பியும் அப்படித்தான் எண்ணியிருந்தார், அவ்வளவு பாசத்தோடு.

நாயைக் கூட்டிக்கொண்டு போவது சுலபம். சங்கிலியில் கைகூட வைத்துவிட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். அதையும் கொண்டுபோனால், அவளை விட்டு விலகிப் போனவர்களில் இன்னும் ஒன்று, அவ்வளவுதானே? விலகினது செய்த காயத்தை, இன்னும் விலகுவது எப்படி ஆற்றும்?

டிராமில் ஏறாமல் நடந்தே திரும்பினேன். மாமரங்கள் பூத்திருந்தன. வழியெல்லாம் அந்த வாசனை. நடக்கிறேனா, படகில் போகிறேனா என்று தெரியாத ஒரு நடை. அந்த நடையிலேயே முடிவுக்கு வந்துவிட்டேன்.

எங்களிடம் ஒரு சீமை நாய் இருந்தது. ஸ்பானியல் ஜாதி, தொங்கு காது, வெள்ளையும் பழுப்பும். இரண்டு வீடுகள் அதைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தன. அலிப்பூரில் ஒரு துரை, சாப்பிடும்போது பாதத்தில் ஏறி உட்காருகிறது என்றார். ஒரு டாக்டர், நோயாளிகளைக் கட்டிப்பிடிக்கிறது என்றார். ஆளைக் கண்டால் ஒட்டிக்கொள்வதைத் தவிர அதற்கு வேறு குற்றம் தெரியாது.

மேம்சாகிப் ஒரேயடியாக மறுத்தாள். "அந்த வீட்டுக்கா? உனக்குப் புத்தி கலங்கிவிட்டதா? இன்னொரு முறை திரும்பி வந்தால் இந்த நாய் அப்புறம் மனிதர்களை நம்பாது. அது உனக்கே தெரியும்."

"தெரியும்."

"அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு போய்விட்டால்?"

"கோபம் இல்லாமலேயே நாளைக்குப் போகத்தான் போகிறார்கள், மேம்சாகிப்."

அவள் வெகுநேரம் அந்த நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை.

மறுநாள் காலை அந்த வருஷத்தின் கடைசிப் பனி. முற்றத்தில் ஒரு மூட்டை, ஒரு செம்பு, சுருட்டிய பாய். அக்கா கடைசி முறையாக ஆதி கங்கைக்கு ஸ்நானத்துக்குப் போயிருந்தாள். என் கையில் சங்கிலியையும் அதன் முனையில் துள்ளிக்கொண்டிருந்ததையும் பார்த்து விசாலம் பதறிப்போனாள்.

"ஐயோ பிள்ளைவாள், இது மேல விழற நாய்னா!"

"ஆமா அம்மா. அதுக்குத்தான் கொண்டாந்தேன். வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க, திரும்பிருதேன்."

அவள் நாயைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். குஞ்சுவின் கையைப் பிடித்துக்கொண்டு தூணருகே போய் நின்றாள். "வர்றது வரட்டும். விட்டுடுங்கோ" என்றாள்.

அக்கா வந்தாள். வேலைக்காரி சுவரோரம் போனாள். சீன நாய் எழுந்து மரியாதையாக ஒதுங்கியது. வழக்கமான பாதை திறந்தது. நான் சங்கிலியை விட்டேன்.

அது அந்தப் பாதையில் நேரே ஓடிற்று. காது ரெண்டும் பறக்க, சேற்றுக் காலோடு, பிரிந்து போனவளைப் பல காலம் கழித்துக் கண்டது போல ஓடி, முன்கால்களைத் தூக்கி அவள் முழங்காலில் வைத்து, முகத்தை ஈரப்புடவைக்குள் புதைத்தது. குடம் சரிந்து தண்ணீர் கொட்டிற்று.

"போ" என்றாள் அக்கா. அது அவள் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது.

அவள் என்னிடம் நேராகப் பேசியது அதுவே முதல் தடவை. "பிள்ளைவாள், இதுக்கு மடின்னாத் தெரியாதா?"

"தெரியாது அம்மா. எவ்வளவு சொன்னாலும் மண்டையில ஏறாது. ரெண்டு வீட்டுல வேண்டாம்னு தள்ளிட்டாங்க."

"தள்ளிட்டாளா?" என்றாள். கிணற்றடிக்குப் போய், நீர் இறைத்து, தலையோடு ஊற்றிக்கொண்டாள். நாய் அங்கேயே காத்திருந்தது. அவள் திரும்பியதும் மறுபடி ஏறிற்று. அவள் மறுபடி இறைத்து ஊற்றிக்கொண்டாள். அது மறுபடி ஏறிற்று. விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதையாக அது நடந்துகொண்டிருந்தது. நாங்கள் யாரும் அசையவில்லை.

அடுத்த தடவை அவள் கயிற்றைக் கையில் எடுத்தாள், இறைக்கவில்லை. கயிறு கையிலிருந்து நழுவிற்று. கிணற்றடிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கை காற்றில் சற்று நின்றது. பிறகு அந்த நாயின் தலைமேல் இறங்கிற்று. அதற்கப்புறம் அவள் அழுதாள். அடக்கமாக அல்ல, அடிபட்ட குழந்தை அழுகிற மாதிரி வாய்விட்டு. நானும் அழுதேன், அதை மறைப்பானேன்.

சந்திலிருந்து குரல் வந்தது. "அம்மா! வண்டி வந்தாச்சு! ரயிலுக்கு நேரமாறது!"

அக்கா காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. குஞ்சு தாயின் கையை உதறிக்கொண்டு முற்றத்தின் பாதிவரை போய் நின்றாள்.

"அத்தை, இப்ப உன் மடி போயிடுத்தா?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போயிடுத்துடி."

"அப்ப நானும் தொடலாமா?"

பதிலுக்குக் குஞ்சு காத்திருக்கவில்லை, அத்தையிடம் ஓடினாள். வெளியே மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை விசாலம் தூணை விட்டு வாசலுக்குப் போனாள். அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நீங்க போயிட்டு வாங்கோ. அக்கா வரலை. அவாளால எழுந்துக்க முடியலை, மேல ரெண்டு பேர் சாஞ்சிண்டிருக்கா."